பேரரசனும் பொதிகாரனும்

கடக்வாஸ்லா அணையின் நீர் புணே நகருக்குச் செல்லும் வழிகளில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று முட்டா ஆறு. மற்றொன்று அணையிலிருந்து வெட்டப்பட்ட கால்வாய். ஆற்றுக்குப் படித்துறையும் வழிபாடும் வரலாறும் உண்டு. கால்வாய்க்கு அப்படி எதுவும் இல்லை. அது சுமந்து செல்கிறது, அவ்வளவே. நகரின் தாகத்தைத் தீர்த்ததில் அந்தச் சுமப்புக்கும் பங்கு உண்டு.

1961 ஜூலை 12 அன்று மேலே இருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அதன் வெள்ளத்தைத் தாங்காமல் கடக்வாஸ்லா அணையும் உடைய, முட்டா ஆறு நகரின் பழைய பேட்டைகளுக்குள் புகுந்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1968 ஜூன் 26 அன்று, அதே ஆற்றின் கரையில் பாலகந்தர்வ ரங்கமந்திர் திறக்கப்பட்டது. பெண்வேடம் தரித்து மராத்தி இசை நாடகத்தை ஒரு தலைமுறைக் காலம் ஆண்ட பாடக நடிகரின் பெயரைத் தாங்கிய அரங்கு அது. அதற்கு அடுத்த ஆண்டு, அந்த நகரில் படித்து வளர்ந்த காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் ஒருவர், நாற்பது வயதைக் கடந்த நிலையில், மருத்துவத்தைக் கைவிட்டு முழுநேர நாடக நடிகரானார். அவர் டாக்டர் ஸ்ரீராம் லாகூ.

தமிழ் வாசகர்களில் பலருக்கு அவர் இந்தித் திரைப்படங்களில் வந்துபோன கண்ணியமான தந்தை. அல்லது ரிச்சர்ட் ஆட்டன்பரோவின் 'காந்தி'யில் தோன்றிய கோகலே. மராத்தி நாடக உலகுக்கோ அவர் ஒரு காலகட்டத்தின் பெயர். ஆனால் அந்தப் பெயரை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகம் அவருக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது. அவர் தமக்கு வேறொரு சொல்லைத் தேர்ந்துகொண்டார். இரண்டுக்கும் இடையிலான தூரத்தில்தான் அவருடைய கலை வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1927 நவம்பர் 16 அன்று சாத்தாராவில் பிறந்தவர் லாகூ. புணேயில் பாவே பள்ளி, ஃபெர்குசன் கல்லூரி, பி. ஜே. மருத்துவக் கல்லூரி என்று படிப்பு வளர்ந்தது. மருத்துவம் படிக்கும்போதே நாடகம் தொற்றிக்கொண்டது. பால்பா கேள்கர் முதலிய நண்பர்களோடு புரோகிரசிவ் டிராமாட்டிக் அசோசியேஷன் என்ற அமைப்பின் வழியாக மேடையேறினார். பகலில் மருத்துவமனை, மாலையில் ஒத்திகை. கனடாவிலும் இங்கிலாந்திலும் மேற்பயிற்சி பெற்றார். தான்சானியாவின் தபோரா நகரில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தார். எந்த நாட்டில் இருந்தாலும் திரும்பி வந்ததும் அவர் தேடிச் சென்ற இடம் ஒத்திகை அறை. 1969இல் வசந்த் கானேட்கர் எழுதிய 'இதே ஓஷாளலா ம்ருத்யு' நாடகத்தோடு அந்த இரட்டை வாழ்க்கை முடிவுக்கு வந்தது.

தொண்டையை அறுவைக் கத்தியால் அறிந்த ஒருவர் குரலால் வாழ முடிவெடுத்தார் என்பது வெறும் சுவையான தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பயின்றவர்களுக்கு அது சற்றே கூடுதலாக இனிக்கும். உந்தியில் எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, உறுப்புகளோடு அமைந்து எழுத்தாக வெளிப்படும் வழியை அந்த இயல் உடற்கூற்றாளனின் நிதானத்தோடு விவரிக்கிறது. அங்கே ஒலிக்கு மாயம் ஏதுமில்லை. காற்று உண்டு, உறுப்பு உண்டு, முயற்சி உண்டு. லாகூவின் நடிப்பைப் பற்றிப் பேசுவோர் திரும்பத் திரும்பச் சுட்டுவதும் அத்தகைய ஒரு நிதானத்தையே. உணர்ச்சியின் உச்சத்திலும் வாக்கியத்தின் பொருள் சிதையாது. சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கடைசி வரிசைக்கும் கேட்கும்.

அந்த நிதானத்துக்கு மிகப் பெரிய சோதனை 1970 டிசம்பரில் வந்தது. குசுமாக்ரஜ் என்ற பெயரில் கவிதை எழுதிய வி. வா. சிர்வாட்கரின் 'நடசம்ராட்' நாடகம் புருஷோத்தம் தார்வ்ஹேகரின் இயக்கத்தில் மும்பையில் அரங்கேறியது. தலைப்பின் பொருள் 'நடிகர்களின் பேரரசன்'. ஷேக்ஸ்பியரின் பெருவேடங்களை ஏற்று வாழ்ந்த கணபதராவ் பேல்வல்கர் மேடையிலிருந்து ஓய்வு பெறுகிறார். சேர்த்த செல்வத்தை மகனுக்கும் மகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். லியர் மன்னனுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்கிறது. மகன் வீட்டில் அவமதிப்பு. மகள் வீட்டில் திருட்டுப் பழி. மனைவி காவேரியோடு வெளியேறுகிறார், அவளும் இறந்துபோகிறாள். கடைசியில் செருப்புக்கு மெருகிடும் ஒரு சிறுவனின் அன்பு மட்டுமே எஞ்ச, வீதியோரத்தில் தம் பழைய வேடங்களின் சொற்களைப் பேசியபடி அழிகிறார்.

எந்த நடிகரையும் மயக்கக்கூடிய பாத்திரம் இது. ஒதெல்லோவும் சீசரும் ஹாம்லெட்டும் ஒரே உடலுக்குள் வந்து போகிறார்கள். கைதட்டலுக்கென்றே கட்டப்பட்டது போன்ற தனிமொழிகள் வரிசையாக நிற்கின்றன. மராத்தி அரங்கின் பார்வையாளர்களோ, இசை நாடகக் காலத்திலிருந்தே, பிடித்த பாடலை 'ஒன்ஸ் மோர்' கேட்டு வாங்கிப் பழகியவர்கள். பேரரசனாக நடிப்பவர் தாமே பேரரசர் என்று நம்பத் தொடங்குவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆனால் பேல்வல்கரின் துயரமே அந்த நம்பிக்கைதான். மேடையில் அணிந்த முடியை வீட்டிலும் கழற்றாததால் வீழ்ந்தவர் அவர். ஆகவே அவரை நடிப்பவர் அந்த முடியைத் தம் தலையில் ஏற்றிக்கொண்டால் நாடகம் தன் பொருளை இழந்துவிடும். வீழ்ச்சியைக் காட்டுவதற்கு, வீழ்பவனைவிட ஓரடி விலகி நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். லாகூவின் பேல்வல்கர் நினைவில் நிலைத்ததற்கு அவருடைய குரலின் வீச்சு ஒரு காரணம் என்றால், அந்த ஓரடி இன்னொரு காரணம். சிர்வாட்கருக்கு 1974இல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்த இந்த நாடகம், லாகூவின் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. ஊடகங்கள் பாத்திரத்தின் பட்டத்தை நடிகருக்கே சூட்டின. 'நடசம்ராட் லாகூ' என்றே எழுதின.

அதே 1970இல் அவர் இயக்குநராகச் செய்த ஒரு காரியம் பட்டங்களுக்கு வெளியே இருந்தது. நம் பாய்ஸ் கம்பெனிகள் இயக்குநரை 'வாத்தியார்' என்று அழைத்தன. பாடம் சொல்லிக் கொடுப்பவர் என்ற பொருளில். விஜய் தெண்டுல்கரின் 'கிதாடே' நாடகத்தை இயக்கியபோது லாகூ பார்வையாளர்களுக்கே ஒரு பாடம் நடத்த வேண்டியிருந்தது. 'கிதாடே' என்றால் பிணந்தின்னிக் கழுகுகள். சொத்துக்காக ஒருவரையொருவர் கொத்திக் குதறும் ஒரு குடும்பம். கருவுற்ற தங்கையை அண்ணன்மார் உதைத்துக் கருவைக் கலைக்கும் காட்சி அதில் வருகிறது. அவள் சேலையில் தெரியும் குருதிக் கறையைத் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. சிவப்பு கூடாது என்றார்கள். நாடகக் குழு கறையை நீலமாக்கியது. மேடையில் தெரியும் நீலத்தைச் சிவப்பாகக் கொள்ளுமாறு பார்வையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தது.

மொழியியல் வகுப்பில் இடுகுறித்தன்மையை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. குறிக்கும் பொருளுக்கும் இடையில் இயற்கையான கட்டு எதுவும் இல்லை. கூடியிருப்போரின் உடன்பாடு ஒன்றே அதற்குப் போதுமானது. தணிக்கை ஒரு நிறத்தைத் தடுத்தது. அரங்கிலிருந்த நூற்றுக்கணக்கானோர் தங்கள் மனத்தில் அந்த நிறத்தைத் தாங்களே பூசிக்கொண்டனர். கண்ணெதிரே இருந்திருந்தால் சில நொடிகளில் கடந்திருக்கக்கூடிய கறை, மறைக்கப்பட்டதால் நாடகம் முழுவதும் நின்றது. இயக்குநர் முழங்கவில்லை, ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இந்த ஒதுங்கலுக்கு அவரே ஒரு பெயர் வைத்தார். தன்வரலாற்றுக்கு அவர் சூட்டிய தலைப்பு 'லமாண்'. பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகச் சென்ற வணிகக் கூட்டத்தாரைக் குறிக்கும் சொல் அது. தமிழகத்தில் லம்பாடி என்று அறியப்படுவோர் அம்மரபினர். சங்கப் பாடல்களில் உப்பு வண்டிகளோடு பாலை கடக்கும் உமணரை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் புழுதி உடனே தெரியும். உப்பை விளைவிப்பவர் ஒருவர், உண்பவர் இன்னொருவர். நடுவில் அதைச் சுமந்து செல்பவனே லமாண். ஆசிரியனின் சொல்லைப் பார்வையாளனிடம் கொண்டு சேர்க்கும் நடிகன் அத்தகைய ஒரு பொதிகாரன் என்பது லாகூவின் கொள்கை. பேரரசன் என்று அழைக்கப்பட்டவர் தம் வாழ்க்கைக்குப் பொதிகாரன் என்று பெயரிட்டதைத் தன்னடக்கம் என்று மட்டும் கொள்வது போதாது. தம் தொழிலைப் பற்றி அவர் வைத்திருந்த கோட்பாடு அது.

தமிழ் மேடையும் பட்டங்களின் மேடைதான். டி. கே. சண்முகம் ஒரு வேடத்தால் 'அவ்வை' ஆனார், எம். ஆர். ராதா 'நடிகவேள்' ஆனார். ராதாவை இங்கே நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இருவரும் பகுத்தறிவாளர்கள். சென்னை மாகாணத்தில் 1954இல் வந்த நாடகச் சட்டம் ராதாவைக் குறிவைத்தது என்று பேசப்படுமளவுக்கு அவர் மேடை அரசை உறுத்தியது. ஆனால் ராதாவின் வழி வேறு. அவர் பாத்திரத்தை உடைத்து வெளியே வந்து, அன்றைய செய்தியைப் பேசி, அவையைச் சீண்டி, மீண்டும் பாத்திரத்துக்குள் நுழைவார். லாகூவோ மேடையில் தம் கருத்தைப் பேசவில்லை; அது அடுத்தவர் சரக்கில் தம் சரக்கைக் கலப்பதாகிவிடும். கடவுளை ஓய்வு பெறச் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கட்டுரை எழுதினார். மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தபோல்கரோடு மகாராஷ்டிர ஊர்களில் பொது விவாதங்கள் நடத்தினார். சமூகப் பணியாளர்களுக்கு நிதி திரட்ட நீளு புலே முதலிய நடிகர்களோடு சேர்ந்து ஆச்சார்ய அத்ரேயின் நகைச்சுவை நாடகத்தை நடித்துக் கொடுத்தார். குடிமகனின் பேச்சு ஒரு பக்கம், நடிகனின் பேச்சு மறுபக்கம். இரண்டுக்கும் இடையிலான வரப்பை அவர் அழிக்கவில்லை.

அந்த வரப்பு தானாகவே மறைந்த தருணம் ஒன்று உண்டு. 1999இல் மகரந்த் சாத்தே எழுதி அதுல் பேட்டே இயக்கிய நாடகத்தில், எழுபதைக் கடந்த லாகூ சாக்ரடீஸாக நின்றார். கேள்வி கேட்டதற்காக நஞ்சருந்தியவரின் சொற்களை, வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்ட ஒருவர் சுமந்தார். அந்த ஒரு முறை பொதியும் பொதிகாரனும் ஒன்றாகவே தெரிந்திருப்பார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013 ஆகஸ்ட் 20 அன்று, விவாத மேடைகளில் அவரோடு அமர்ந்திருந்த தபோல்கர் புணேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்விக்கான விலை ஏதென்ஸோடு முடிந்துவிடவில்லை.

அவருடைய சொந்த வாழ்விலும் ஒரு சுமை இருந்தது. ஓடும் ரயிலின் மீது வெளியிலிருந்து யாரோ எறிந்த கல் அவர் மகன் தன்வீரின் உயிரைப் பறித்தது. விதி, கர்மம், இறைவன் திருவுளம் என்ற சொற்கள் ஆறுதலாக நீட்டப்படும் நேரம் அது. அச்சொற்களை ஏற்காத ஒருவர் என்ன செய்வார்? லாகூவும் நடிகையான அவர் மனைவி தீபாவும் ரூபவேத் அறக்கட்டளையின் வழியாக, நாடகத்துக்குத் தம்மைக் கொடுத்தவர்களுக்கு மகன் பெயரில் 'தன்வீர் சன்மான்' என்ற விருதை ஏற்படுத்தினர்.

தமிழக ஊர்ச் சாலைகளில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. வயிற்றில் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் நட்டவை என்பது வழக்கு. தலைச்சுமையோடு நடந்து வருபவர், இறக்கி வைக்க இன்னொருவரின் துணை வேண்டாமல், சுமையைக் கல்லின் மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். இறந்தவர் திரும்பப் போவதில்லை. அவர் பெயரால் வழிப்போக்கர் ஒருவரின் கழுத்து சற்று இளைப்பாறும். நம்பிக்கையற்றவரின் துயரத்துக்கு இதைவிடச் சரியான வடிவம் இருக்க முடியுமா என்பது தெரியவில்லை.

2019 டிசம்பர் 17 அன்று லாகூ புணேயில் காலமானார், வயது 92. அவர் ஏற்ற பேல்வல்கர் வேடத்தை அவருக்குப் பின் வேறு சிறந்த நடிகர்கள் ஏற்றார்கள். 2016இல் நானா படேகர் திரையில் ஏற்றார். முடி அங்கேயே இருக்கிறது. தோள்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நாடக வரலாற்றை எழுதுவோர் முடியைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. தோள்களைப் பற்றி எழுத வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது, மராத்தியிலும், தமிழிலும்.