கோரை வளர்க்கலாம் வாங்க!

கோரை என்றதும் உடன்குடியில் பலருக்கும் தோட்டத்தைக் கெடுக்கும் கோரைக்கிழங்குதான் ஞாபகம் வரும். பத்தமடைப் பாய்க்கான கோரை அதற்குச் சொந்தம், ஆனால் வேறு செடி. புல் மாதிரி இருந்தாலும் புல் இல்லை. தாமிரபரணிக் கரையில் தானாக வளர்வது. இன்று பத்தமடைக்காரர்கள் கரூர்ப் பக்கமிருந்தும் வாங்குகிறார்கள்.

தேரி மணல் ஊரில் இது வளருமா? தாராளமாக வளரும். ஓட்டையில்லாத பிளாஸ்டிக் தொட்டி, பாதிக்குக் களிமண், மேலே நாலு விரல் தண்ணீர், நல்ல வெயில். கிழங்கோடு ஒரு துண்டு நட்டால் போதும். கொசுவுக்கு இரண்டு கப்பி மீன் விடுங்கள். காய்ந்த தண்டை அடியோடு அறுத்துவிடுங்கள்.

பனையை மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும். கோரைக்குத் தண்ணீர் வற்றக்கூடாது, தினமும் பார்க்கணும்.

ஒரு தொட்டிக் கோரையில் பாய் முடைய முடியாதுதான். ஆனால் "பாய் எதில் செய்றாங்க?" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டலாமே!