மகளின் டைம்டேபிள்

மகள் சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. தாவரவியல் சேர்ந்திருக்கிறாள். 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. எங்க குடும்பத்துல அங்க படிக்கப் போற முதல் ஆள் இவதான். கடலூருக்குத் தெக்கே கடலோரத்துல இருக்கு எங்க ஊர். தினமும் பஸ்தான்.

முந்தாநாள் ராத்திரி திண்ணையில உட்கார்ந்து பென்சிலால கட்டம் போட்டுக்கிட்டிருந்தா. வேற துறைப் பாடம் ஒண்ணு எடுக்கணுமாம். நிலத்தடி நீர் படிக்கணும்னு ஆசை. கோடையில நம்ம போர் தண்ணி உப்புக் கரிக்குதே, அதனால. ஆனா அது சாயங்கால வகுப்பு. விட்டுட்டு, காலையில இருக்கிற ஏதோ ஒண்ணை எழுதியிருந்தா.

"ஏம்மா?"ன்னேன். பதில் சொல்லல. கட்டத்தைப் பார்த்தேன். சாயங்காலம் அஞ்சு மணி: பால் கறக்க. புரட்டாசி சனிக்கிழமை: நாத்துப் பறிக்க.

தொண்டை அடைச்சிருச்சு. ரப்பரை வாங்கி ரெண்டையும் நானே அழிச்சேன். "மாட்டை நான் பார்த்துக்கிறேன், நீ பிடிச்சதைப் படி"ன்னேன்.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்க. வயலுக்கு அந்தப் பட்டம் வருஷா வருஷம் வரும். அவளுக்கு இந்த ரெண்டு வருஷம்தான்.

நேத்து சாயங்காலம் நான்தான் கறந்தேன். பசு ஒரு உதை விட்டுச்சு. பரவாயில்ல, பழகிடும்.