அவர்கள் புறப்பட்ட ஊர்களை நோக்கி

அயல்நாட்டுப் பயணம் என்றதும் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவன பயண நிறுவனங்களின் வண்ண விளம்பரங்களே. 12 நாட்களில் 9 நாடுகள்! காலை உணவு ஒரு நாட்டில், இரவு உறக்கம் வேறொரு நாட்டில். இவ்வாறு சென்று திரும்பியோர் எங்கள் பங்கிலும் உளர். அவர்கள் குறையொன்றும் கூறுவதில்லை. ஆயினும், எந்தக் கோபுரம் எந்த ஊரில் இருந்தது என்று வினவினால், நிழற்படத்தைப் பார்த்த பின்னரே விடை பகர்கின்றனர்.

என் அன்னையாருக்கு வயது 74. லூர்துக் கெபியின் முன் முழந்தாளிட முடியாவிட்டாலும், அமர்ந்தாவது ஒரு செபமாலை சொல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய வேட்கை. அவருடைய மூட்டுகளைச் சோதித்த மருத்துவர், "போவதானால் இவ்வாண்டே போய் வாருங்கள், அடுத்த ஆண்டுக்கு நான் உறுதி சொல்ல இயலாது" என்று கூறிவிட்டார். காலந்தாழ்த்தவும் வழியில்லை, ஒன்பது நாடுகளுக்கு அவரை இழுத்துச் செல்லவும் வழியில்லை. எனவே, திட்டத்தை நாங்களே வகுப்பதென முடிவாயிற்று. அன்னையார், நான், என் மனைவி, கார் ஓட்டத் தெரிந்த எங்கள் மகன் என நால்வர்.

எப்படிப் போவது என்பதற்கு முன்னர், எதைக் காண்பது என்ற கேள்வி எழுந்தது. அத்துணைத் தொலைவு சென்று லூர்தை மட்டும் கண்டு திரும்புவதற்கு மனம் ஒப்பவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது இது: நம் முன்னோருக்கு நற்செய்தி கொணர்ந்தவர்கள் எந்த ஊர்களிலிருந்து புறப்பட்டார்களோ, அந்த ஊர்களைக் காண வேண்டும். முத்துக்குளித்துறை மக்களிடையே 1542-இல் வந்து உழைத்த புனித சவேரியார், ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில் உள்ள சவியேர் கோட்டையில் 1506-இல் பிறந்தவர். 1541 ஏப்ரல் 7-ஆம் நாள், தம் 35-ஆம் பிறந்தநாளன்று, லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். 1693-இல் ஓரியூரில் குருதி சிந்திய புனித அருளானந்தர் அதே லிஸ்பனில் பிறந்தவர். பதுவை அந்தோணியாரும் பிறப்பால் லிஸ்பன் நகரத்தாரே. தேம்பாவணி தந்த வீரமாமுனிவரோ, இத்தாலியில் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் சிற்றூரில் 1680-இல் பிறந்தார். ஆக, போர்த்துக்கல், ஸ்பெயின், பிரான்சு, இத்தாலி என நான்கு நாடுகள். அவ்வளவே.

இனி வாகனம். லிஸ்பனில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, சுவிட்சர்லாந்து வழியாக ஆல்ப்ஸ் மலைகளைக் கண்டு, ரோமில் அதை ஒப்படைத்துவிடலாம் என்பது மகனின் ஆசை. இளைஞனின் ஆசை இயல்பானதே. ஆனால் அந்த வழி 3,000 கிலோமீட்டருக்குக் குறையாது; ஓட்டுபவனோ ஒருவன். ஒரு நாட்டில் எடுத்த காரை வேறொரு நாட்டில் விட்டால், அதைத் திருப்பிக் கொண்டுபோகும் செலவையும் நம்மிடமே வாங்குவர். பலவேளைகளில் அது வாடகையையே மிஞ்சிவிடும். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலையில் ஒரே நாள் சென்றாலும், ஆண்டு முழுமைக்குமான சாலைவரி வில்லையை 40 பிராங்கு கொடுத்து வாங்கியாக வேண்டும். இத்தாலியிலோ பழைய நகர்ப்பகுதிகள் பலவற்றில் வெளியார் காருக்கு அனுமதியில்லை. எல்லையில் காவலர் நிற்பதில்லை, நிழற்படக் கருவியே நிற்கின்றது. அபராதச் சீட்டு பல மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

என் மனைவி இதற்கு நேர்மாறு. கார் என்ற பேச்சே வேண்டாம், ஐரோப்பாவில் இரயில் போகாத ஊர் உண்டா என்றார். உண்டு என்பதே விந்தை. பாத்திமா என்ற பெயர் தாங்கிய இரயில் நிலையம் இருக்கின்றது. அதில் இறங்கினால் திருத்தலம் இன்னும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். லிஸ்பனிலிருந்து பாத்திமாவுக்கு நேரே செல்லும் பேருந்தோ ஒன்றரை மணியில் கொண்டு சேர்க்கும். லிஸ்பனிலிருந்து ஸ்பெயினைக் கடந்து பிரான்சு எல்லை வரை ஓடிய இரவு இரயில் 2020 மார்ச்சில் நின்றது, மீண்டும் ஓடவில்லை. அந்த இடைவெளியை மட்டும் விமானத்தில் கடக்க வேண்டியதாயிற்று. லிஸ்பனிலிருந்து பில்பாவோ, அங்கே விமான நிலைய வாயிலிலேயே பேருந்து ஏறினால் சான் செபாஸ்தியான்.

கணக்கிட்டுப் பார்க்கையில் ஒன்று தெளிவாயிற்று. பெருநகர்களுக்கிடையே இரயிலே வசதி. நம்மைத் தேடி வந்தவர்களின் பிறப்பிடங்களுக்கோ அது போவதில்லை. சவியேர் கோட்டை பம்பலோனா நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் நாட்டுப்புறத்தில் உள்ளது. இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியாரின் லொயோலா, பாஸ்க் நாட்டு மலைப் பள்ளத்தாக்கில் உள்ளது. ஆகவே காரை அங்கே வைத்துக்கொண்டோம். சான் செபாஸ்தியானில் எடுத்து, முதல் நாள் லொயோலாவைக் கண்டு பம்பலோனாவில் தங்கி, மறுநாள் சவியேர் சென்று, எடுத்த இடத்திலேயே ஒப்படைத்தல். இரண்டே நாள், ஒரே நாடு. திருப்பிக் கொண்டுபோகும் செலவில்லை, எல்லை கடக்கும் கட்டணமுமில்லை. அதன்பின் சான் செபாஸ்தியானிலிருந்து புறப்படும் சிற்றிரயில் எல்லையைக் கடந்து பிரான்சின் ஆந்தாய் நகரில் நம்மை இறக்கிவிடும். அங்கிருந்து பயோன் வழியே லூர்து.

இவ்விரண்டு நாள் காருக்கும் ஆயத்தம் சிறிதன்று. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். நம் நாட்டு உரிமமும் உடன் இருத்தல் வேண்டும். முன்பணத்துக்குரிய கடன் அட்டை ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பர். தந்தையின் அட்டை தனயனுக்கு உதவாது! அங்கே சாலையின் வலப்புறம் செல்ல வேண்டும்; வட்டச் சந்திகளில் ஏற்கெனவே சுற்றி வருவோருக்கு வழிவிட வேண்டும். கியரை வலக்கையால் மாற்றும் தொல்லை வேண்டாமென, வாடகை கூடினாலும் தானியங்கிக் காரையே கேட்டுள்ளோம்.

விசாவில்தான் எதிர்பாராத திருப்பம். ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்த 29 நாடுகளுக்கும் ஒரே விசா போதும். 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கலாம். பயணத்தின் முதன்மை இலக்கு எந்நாடோ, அந்நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் அது மிகுதியான நாட்கள் தங்கும் நாடே. நாட்கள் சமமாயின், முதலில் நுழையும் நாடு. போர்த்துக்கல்லில் 3 இரவு, ஸ்பெயினில் 3, லூர்தில் 3, பாரிசில் 2, இத்தாலியில் மிலான் 1, பதுவை 2, ரோம் 3 என்று வகுத்திருந்தோம். பிரான்சு 5, இத்தாலி 6. ஆகவே இத்தாலி நாட்டு விசாவுக்கான படிவங்களை எடுத்து வைத்தேன்.

அதுவரை வாய் திறவாதிருந்த அன்னையார் அன்றிரவு கேட்டார்: "ஏன்யா, லூர்துல இன்னும் ஒரு நாள் இருக்கக் கூடாதா? மூணு நாள்ல எனக்குக் கால் வலியே அடங்காதே." லூர்தில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இரவுதோறும் 9 மணிக்கு மெழுகுதிரிப் பவனி நடைபெறும். மூன்று இரவுகளில் ஒன்று பயணக் களைப்பில் கழியும், ஒன்றில் மழை பெய்யக்கூடும். அவர் கேட்டதில் நியாயமிருந்தது. ரோமில் ஓரிரவைக் குறைத்தோம். உடனே பிரான்சு 6, இத்தாலி 5 என்றாயிற்று. விண்ணப்பமும் பிரான்சு நாட்டுக்கு மாறிற்று. ஒரு மூதாட்டியின் ஒரு வேண்டுகோள் இரண்டு நாடுகளின் அலுவல்களைப் புரட்டிவிடுகின்றதே என்று மகன் நகைத்தான். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்னிருந்தே கொடுக்கலாம்; 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் இணைக்க வேண்டும்.

லூர்திலிருந்து பாரிசுக்கு விரைவு இரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 1830-இல் புனித கத்தரீன் லபூரேவுக்கு அன்னை காட்சி தந்த சிற்றாலயம் அங்கே இருக்கின்றது. பாரிசிலிருந்து மிலானுக்கு ஏழு மணி நேரம். இப்பாதை 2023 ஆகஸ்டில் மலைச்சரிவால் மூடப்பட்டு 2025-இல்தான் மீண்டும் திறந்தது. 1871-இல் திறக்கப்பட்ட நெடுஞ்சுரங்கத்தின் வழியே அது ஆல்ப்ஸைக் கடக்கின்றது. மகனுக்கு மலைகளைச் சன்னல் வழியே காட்டிவிடலாம். முழு மனத்தோடு அவன் இசைந்தான் என்று சொல்லமாட்டேன்.

வீரமாமுனிவரின் ஊருக்கும் இரயில் இல்லை. பெட்டிகளைப் பதுவையில் வைத்துவிட்டு, வெறுங்கையாய் இரயிலில் தெசென்சானோ வரை சென்று, அங்கிருந்து டாக்சியில் போய் வருவது எங்கள் எண்ணம். அச்சிறு தொலைவுக்குக் கார் எடுப்பது வீண். புனித ஞானப்பிரகாசியார் 1568-இல் பிறந்ததும் இவ்வூரே. அவருடைய தலையெலும்பு அங்குள்ள பேராலயத்தில் போற்றப்படுகின்றது. 1859-இல் சோல்பெரினோப் போரில் காயமுற்றோரை இவ்வூர் மக்கள் ஆலயத்துக்குள் கிடத்திப் பேணியதைக் கண்ட ஆன்றி துனாந்தின் நெஞ்சில்தான் செஞ்சிலுவைச் சங்கத்தின் எண்ணம் கருக்கொண்டது. ஒரு சிற்றூருக்கு இத்துணைச் சிறப்பா என்று வியக்கின்றேன். வெனிஸ் நகரை விட்டுவிட்டு இங்கே போவதைக் கேட்டு உறவினர் சிலர் தலையில் அடித்துக்கொண்டனர்.

ரோமில் எஞ்சிய இரண்டு இரவுகளையும் புதன்கிழமை உள்ளடங்குமாறு அமைத்துள்ளோம். திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு புதன்கிழமைகளில். அதற்கான சீட்டுக்குக் கட்டணமில்லை. 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் துயிலும் புனித மரியா பேராலயத்துக்கும், சவேரியாரின் வலக்கை போற்றப்படும் இயேசு ஆலயத்துக்கும் செல்ல வேண்டும்.

முதியோரை அழைத்துச் செல்ல எண்ணும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தின் இரயில் நிலையங்களில் நடக்க இயலாதோருக்குச் சக்கர நாற்காலியும் ஏற்றிவிட ஆளும் கட்டணமின்றிக் கிடைக்கும். 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். கோடை வெப்பத்தையும் பாத்திமாவின் 13-ஆம் நாள் நெரிசலையும் தவிர்க்கவே செப்டம்பர் இறுதியைத் தேர்ந்தோம். ஞாயிறு திருப்பலி ஒன்று லூர்திலும் மற்றொன்று பதுவையிலும் அமையுமாறு நாட்களை நகர்த்தினோம்.

அன்னையாரிடம் ஒரு குறிப்பேடு இருக்கின்றது. லூர்துத் தீர்த்தம் கேட்ட அயலாரின் பெயர்கள் அதில் 41. ஆளுக்கு ஒரு சிறு குப்பி என்றாலும் நான்கு கிலோவுக்குமேல் ஆகும். விமானத்தில் கைப்பையில் கொண்டுவர இயலாது. பெட்டியில் வைத்தே ஒப்படைக்க வேண்டும். "ஆச்சி, அதை நாலு இரயில்ல ஏத்தி இறக்கப் போறவன் நான்தான்" என்றான் மகன். பெட்டி ஒன்றைப் பாதி காலியாகவே கொண்டுபோவதென முடிவு செய்துள்ளோம்.