மணந்து பார்த்தல்

சென்னையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது, காலையில் தேநீருக்கு எடுத்து வைத்த பாலின் மூடியைத் திறந்துவிட்டு, "அக்கா, பால் மணக்குது" என்றேன். கெட்டுப்போய்விட்டது, அடுப்பில் ஏற்றாதீர்கள் என்பது பொருள். அந்த அக்காவின் முகம் மலர்ந்தது. "பசும்பால் தம்பி, எதிர்வீட்டுல கறந்ததுமே வாங்கினது" என்றார். சட்டியில் பால் திரிந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று அவருக்கும், அவர் என்ன கேட்டார் என்று எனக்கும் விளங்கியது.

இலங்கையில் எங்கள் ஊரான நானாட்டானில் மணம் ஒரு பக்கமும் சாயாத சொல். மல்லிகையும் மணக்கும், வற்றின வாய்க்காலில் செத்துக் கிடக்கிற விராலும் மணக்கும். நல்லதா கூடாததா என்று அறிய, எதன் மணம் என்று தெரிந்தால் போதும். கருவாட்டு மணம், நனைந்த சாக்கு மணம், பனம்பழ மணம், அடிப்பிடிச்ச மணம். பச்சை மீனுக்கு மட்டும் 'வெடுக்கு' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறோம். வங்காலைப் பக்கமிருந்து மீன்பெட்டி ஊருக்குள் வரும் நேரத்தில் அந்தச் சொல் தேவைப்படும். தமிழ்நாட்டார் ஒன்றை மோந்து பார்ப்பார்கள். நாங்கள் மணந்து பார்ப்போம்.

மணத்தைவிட எனக்கு மனவருத்தம் தருவது நாற்றத்தின் கதை. மொட்டுக்குள் அடங்கியிருக்கும் வாசத்தைச் சொல்ல வள்ளுவர் எடுத்த சொல் நாற்றம். கண்ணனின் வாய் எப்படி இருக்கும் என்று சங்கிடம் விசாரிக்கிற ஆண்டாளும் 'நாறு' என்றுதான் கேட்கிறாள். சிலப்பதிகாரத்தில் மாதவி குளிக்கும் இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். 10 துவர், 5 விரை, 32 ஓமாலிகை ஊறிய தண்ணீரில் கூந்தலைக் கழுவி, நறும்புகையில் உலர்த்தி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கஸ்தூரிக் குழம்பு தடவுகிறாள். ஊடியிருந்தவனை மகிழ்விக்க ஒரு பெண் இத்தனையும் செய்கிறாள். அந்தக் கூந்தலை இளங்கோ 'நாறிருங் கூந்தல்' என்கிறார். இன்று ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்ல முடியுமா? இவ்வளவு பேர் கையாண்ட சொல் எப்போது, யார் வாயில் கீழே விழுந்தது என்று நினைக்கும்போதெல்லாம் ஒரு பழைய உறவினரை இழந்ததுபோல இருக்கும்.

எங்கள் அருவியாறு கடலில் சேரும் அரிப்புப் பக்கம் போனால் வேறொன்று ஞாபகம் வரும். அந்தக் கரை நெடுகிலும் முத்துக்குளிப்பு நடந்தது. 1905இல் மறிச்சுக்கட்டியில் முகாமிட்ட ஆண்டில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தார்கள். சிப்பியை ஒவ்வொன்றாகப் பிளந்து முத்தெடுத்தால் வேலை முடியாது. குவித்து அழுக விடுவார்கள். ஒரு வாரம் போல வெயிலில் கிடந்து, ஈ மொய்த்து, புழு தின்று, சதை கரைந்த பிறகு கடல்நீர் ஊற்றிக் கழுவுவார்கள். அடியில் தங்குவது முத்து. அந்த நாட்களில் கரையில் நின்றவர்கள் எழுதி வைத்தவற்றில் முத்தின் ஒளிக்குச் சமமாக அந்த வாடையும் இருக்கிறது. அரண்மனைக் கழுத்துகளுக்குப் போன மாலைகளெல்லாம் இந்த மணத்துக்குள் ஒரு வாரம் கிடந்தவை.

அண்மையில் ஹவாய் மொழி அகராதி ஒன்றைப் புரட்டக் கிடைத்தது. மேரி கவேனா புகுயியும் சாமுவேல் எல்பர்ட்டும் 1957இல் முதலில் வெளியிட்டது. அந்தத் தீவுக்காரர் நறுமணத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும் சொற்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. மெல்லிய இனிய மணம் 'ஓனஓன'. காற்று ஏந்தி வருவது 'மோஅனி'. மேட்டுக் காடுகளின் குளிர்ந்த மணம் 'அனுஹேஅ'. இருந்த இடமெல்லாம் ஏறி நிற்கும் அடர்த்தியான மணம் 'கூபஓஅ'. காற்றையும் குளிரையும் சேர்த்தே முகர்ந்திருக்கிறார்கள். ஆனால் நான் பக்கத்தைத் திருப்பாமல் நின்றது 'ஹோனி' என்ற சொல்லில். முகர்வதும் அதுதான், முத்தமிடுவதும் அதுதான். முன்பு மூக்கோடு மூக்குச் சேர்த்து வணங்குவதும் அதுவே. இவ்வளவு தூரம் போவானேன், சிங்களத்து 'இம்பினவா'வும் இந்த இரண்டையும் செய்கிறது. பழந்தமிழில் மணத்தலுக்குக் கூடுதல் என்றும் பொருள். கல்யாணத்தை அதனால்தானே மணம் என்கிறோம்.

அம்மம்மா எங்களை உதட்டால் கொஞ்சியதே இல்லை. கன்னத்திலோ உச்சியிலோ மூக்கை அழுத்தி, நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுப்பார். அந்த மூக்குத்தான் வீட்டை நடத்தியது. ஊறப்போட்ட நெல்லுக்குத் தண்ணீர் மாற்ற மறந்தால் விறாந்தையில் இருந்தபடியே கண்டுபிடிப்பார். நெல் அவிக்கும் நாளில் கிடாரத்தின் மேல் போட்ட சாக்கை ஒரு மூலையில் கிளப்பி, ஆவிக்குள் முகத்தைக் கொடுப்பார். "வைக்கல் மணக்குது, பொறு" என்பார். அடுப்பில் இன்னும் இரண்டு மட்டை தள்ளுவோம். மறுபடி சாக்கைக் கிளப்புவார். "இப்ப சோறு மணக்குது, இறக்கு." வாய் பிளந்த நெல்லை நாங்கள் பிறகுதான் பார்ப்போம். மொட்டைக்கறுப்பன் அரிசியின் சிவப்பு அந்தப் பிளவில் கோடு போலத் தெரியும்.

கடைசி வருடங்களில் அவருக்குக் கண் தெரியவில்லை. வந்தவரை அருகில் இழுத்து மணந்து பார்த்தே பெயர் சொல்வார். கொழும்பில் வேலைக்குப் போய் நெடுநாள் கழித்து நான் வந்தபோதும் கையால் தலையைத் தடவிக் குனியவைத்தார். மூக்கை உச்சியில் வைத்தார். பெயர் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு என் பெயரைச் சொல்லி, "கொழும்பு மணக்குதடா தம்பி" என்றார்.

நல்ல மணமோ, கூடாத மணமோ என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மம்மா என் தலையை விடாமல் பிடித்தபடி இரண்டாவது தடவையும் இழுத்தார்.