57-ஆம் ஃப்ரேம்

காகம் பறந்து வந்து கிளையில் அமர்கிறது. நான்கு விநாடி ஷாட். விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 96 படங்கள். வரைந்தவர் மதுரையில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவர். சேர்ப்பவர்கள் சென்னை சாலிகிராமத்தில், ஒரு மாடியில் இயங்கும் சிறிய அனிமேஷன் ஸ்டுடியோக்காரர்கள். பாட்டி வடை சுட்ட கதையைக் குழந்தைகளுக்கான படமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டிப் பார்த்தபோது எனக்கு எல்லாம் சரியாகவே தோன்றியது. படங்களை அடுக்கிச் சேர்க்கும் மூத்த கம்பாசிட்டர் மட்டும் நிறுத்தச் சொன்னார்.

“இறக்கை ஜெர்க் அடிக்குதுப்பா. ஃபோல்டர்ல எத்தனை ஃபைல் இருக்கு?”

“95 அக்கா,” என்றார் உடன் வேலை செய்யும் இளைஞர்.

57-ஆம் எண்ணைக் காணோம். படங்களை வரிசையாக உள்ளே எடுக்கும்போது இடையில் எண் விட்டுப்போனால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் எச்சரிக்கும். அந்த இடத்தில் வண்ணப் பட்டைகளை வைக்கும். 24-இல் ஒரு பங்கு விநாடிதான் என்றாலும் பட்டை பளிச்சென்று கண்ணில் அடிக்கும். ஆனால், அகர வரிசைப்படி எடுத்துக்கொள் என்று ஒரு தேர்வு அங்கே உண்டு. அதை டிக் செய்தால் இடைவெளியை மூடிவிட்டு அடுத்த படத்தை ஒட்டிவிடும், எச்சரிக்கையும் வராது. வேறொரு ஷாட்டுக்காக யாரோ டிக் செய்தது அப்படியே இருந்திருக்கிறது.

ஒரு படம் போனதை அவர் எப்படிக் கண்டார்? இந்த ஷாட்டில் ஒவ்வொரு ஓவியமும் இரண்டு ஃப்ரேம் நிற்கும். 96 ஃப்ரேமுக்கு 48 ஓவியங்கள். 57, 58 இரண்டும் ஒரே ஓவியம். ஆகவே இறக்கையின் எந்த நிலையும் தொலைந்துபோகவில்லை. அது நிற்க வேண்டிய நேரம்தான் பாதியானது. அவருடைய கண் பிடித்தது அந்தத் தாளம் தவறியதை. அதோடு, அங்கிருந்து மீதிப் படம் முழுவதும் ஒலியைவிட ஒரு ஃப்ரேம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

மதுரைக்குப் போன் போனது. மற்ற எல்லா ஃபைலும் ஏறியபோது ஒன்று மட்டும் ஏறாமல் நின்றிருக்கிறது. ஒரே வீடியோவாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்டேன். “பாதியில கரண்ட் போனா வீடியோ மொத்தமும் போச்சு சார். படமா இருந்தா, விட்ட எண்ணுலேருந்து மறுபடி எடுத்துக்கலாம்,” என்றார் இளைஞர். திருத்தம் வந்தாலும் அந்தச் சில படங்களை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்து நரி பேசும் ஷாட். வாய் அசைவு வசனத்துக்கு முந்தி ஓடியது. தனிப்படங்களில் வேகம் பற்றிய குறிப்பு எதுவும் இருக்காது. நாம் சொல்லாவிட்டால் மென்பொருள் தன் வழக்கப்படி விநாடிக்கு 30 என்று எடுத்துக்கொள்ளும். நான்கு விநாடிப் படம் 3.2 விநாடியில் முடிந்துவிடும். அவசரத்தில் பலர் கிளிப்பை இழுத்து நீட்டிவிடுவார்கள் என்றார் அக்கா. நீட்டினால் ஒலியோடு ஒருவாறு பொருந்திப்போகும். ஆனால் சில படங்கள் இரட்டிக்கும், ஓவியர் வகுத்த நிறுத்தங்கள் கலையும். அவர் இழுக்கவில்லை. மூலப் படங்களின் வேகத்தை 24 என்று மாற்றினார். நரி வசனத்தோடு பேசியது.

பாட்டி வந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது: நரைமுடியைச் சுற்றிக் கரிக்கோடு. அதே கோளாறு காகத்திலும் இருந்திருக்க வேண்டும். கறுப்பில் யாருக்குத் தெரியும்? ஓர வெள்ளைப் புள்ளி ஒன்று பாதி ஒளி ஊடுருவுவது என்றால், அதன் 255 என்ற மதிப்பைச் சில மென்பொருள்கள் முன்கூட்டியே பாதியாக்கி 128 என்று சேமித்துவிடும். வாங்குகிற மென்பொருள் அதை அறியாமல் மீண்டும் பாதியாக்கினால் 64 ஆகிவிடும். வெள்ளை முடியில் அழுக்கு ஏறுவது இப்படித்தான். இப்படி ஒளிபுகா அளவால் முன்பே பெருக்கிய படங்களை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கணக்கை தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984-இல் எழுதிவைத்தார்கள். இன்றும் அடுக்குவது அந்தக் கணக்கில்தான். பெருக்கியாகிவிட்டதா, இல்லையா என்பதை மட்டும் அனுப்புகிறவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓவியர்களுக்கு அனுப்ப ஒரு பக்கக் குறிப்பு வைத்திருக்கிறார் அக்கா. எண்ணை 1 என்று போடாமல் 0001 என்று நான்கு இலக்கமாகப் போடுங்கள், இல்லையென்றால் 1-க்குப் பின் 10 வந்து நிற்கும். ஷாட்டின் பெயரை நடுவில் மாற்றாதீர்கள். மொத்த எண்ணிக்கையை மெயிலில் எழுதுங்கள். படித்துவிட்டு வேலை செய்கிறவர்களின் ஷாட் மறுநாளே அடுத்த மேசைக்குப் போய்விடுகிறதாம்.

இந்த ஸ்டுடியோவுக்குக் கூலி, முடித்துக் கொடுக்கும் விநாடிகளின் கணக்கில். வந்த படங்களை எண்ணி, ஓரம் பார்த்து, வேகம் சரிசெய்யும் நேரத்துக்கு அதில் கூலியே இல்லை. அது அநியாயம் என்றே நினைக்கிறேன். இந்தச் சரிபார்ப்பைத் தாண்டாமல் எந்த ஷாட்டும் வெளியே போவதில்லை. எபிசோடுக்கு அரை நாள் இதற்கென்று தனியாகச் சேர்க்கும்படி முதலாளியிடம் கேட்டிருக்கிறார் அக்கா. அடுத்த கொட்டேஷனில் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாராம்.