முயற்குட்டி வாங்கித் தந்த பண்ணைவீடு

வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்திலே, விண்டர்மியர் ஏரியின் கீழ்க்கரையில், இரும்பு வடத்தைப் பற்றி நகரும் பாதைப்படகில் ஏறினோம். மோட்டார் வண்டிகளும் மனிதரும் ஒருங்கே கடக்கும் அப்படகு சில நிமிடங்களில் எம்மை மறுகரையிற் சேர்த்தது. அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் நடை. மேட்டு வழி, தூறல் வேறு. நியர் சோறி என்னும் சிற்றூரை அடைந்ததும், மதுச்சாலை ஒன்றின் பின்புறத்தே 17ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீடொன்று தோன்றியது. ஹில் ரொப் என்பது அதன் பெயர். பீற்றர் என்னும் குறும்புக்கார முயலைப் படைத்த பியற்றிக்ஸ் பொற்றர் அம்மையாரின் வீடு அது.

அம்மையார் 1866இல் இலண்டனிற் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். பள்ளிக்கூடம் சென்றதில்லை, வீட்டாசிரியைகளிடமே கற்றார். முயல், எலி, வௌவால் என்பவற்றை வளர்த்து, அவற்றைப் பார்த்துச் சித்திரம் தீட்டுவதே இளமையில் அவருக்குப் பொழுதுபோக்கு. 1893இல், தம் முன்னாள் ஆசிரியையின் மைந்தன் நோயுற்றுக் கிடந்தபோது, படங்களோடு அவனுக்கெழுதிய கடிதமே பீற்றர் முயலின் கதையாயிற்று. பதிப்பகங்கள் பல மறுக்கவே, 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு பிரெடெரிக் வோண் நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர். புத்தகம் அமோகமாக விலைபோயிற்று.

அந்நிறுவனத்தில் இவர் நூல்களைக் கவனித்து வந்தவர் நோர்மன் வோண். 1905 ஜூலையில் அவர், அம்மையாரை மணக்க விரும்பிக் கடிதம் எழுதினார். வியாபாரி வீட்டுச் சம்பந்தம் ஆகாது என்று பெற்றோர் தடுத்தனர். அவர்களுடைய செல்வமும் முன்னோர் பருத்தித் தொழிலில் ஈட்டியதுதான் என்பதைச் சொல்லாமல் விட எமக்கு மனம் வரவில்லை! மகள் பெற்றோர் சொல்லை மீறி இசைவு தெரிவித்தார். ஒரு மாதம் சென்றது. ஆகஸ்டில் நோர்மன் நோயுற்று இறந்தார்.

அவ்வாண்டு முடியுமுன், புத்தகங்கள் ஈட்டிய பணத்தோடு, அத்தை ஒருவர் விட்டுச்சென்ற தொகையையும் சேர்த்து, 34 ஏக்கர் கொண்ட இந்தப் பண்ணையை அம்மையார் வாங்கினார். ஆயினும் இங்கே குடிவர முடியவில்லை. மணமாகாத மகள் பெற்றோருடனேயே இருத்தல் வேண்டும் என்பது அக்கால வழக்கு. காடாறு மாதம், நாடாறு மாதம் என்பார்களே, இவருக்குக் காட்டிற் கிடைத்தவை மாதங்களல்ல, நாட்களே. பண்ணையைப் பார்த்துவந்த குடும்பத்தை அகற்றாமல், 1906இல் அவர்களுக்கென வீட்டின் ஒரு பக்கத்தைப் பெருப்பித்தார்.

படலையைத் திறந்து, கல் பாவிய நடைபாதையால் உள்ளே சென்றோம். முன்கூடம் இருண்டது; பழைய அடுப்பு, மரத்தாலான பாத்திர அலுமாரி. எமக்கு முன்னே நின்ற சிறுமி கையிலிருந்த கதைப்புத்தகத்தை விரித்து, படத்தையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். 1908இல் வெளிவந்த சாமுவேல் விஸ்கர்ஸ் கதையில், தாய்ப்பூனை தன் குட்டியைத் தேடித் திரிவது இந்த வீட்டிலேதான். அதில் வரும் எலிகளும் வெறுங்கற்பனையல்ல. வாங்கியபோது வீடு நிறைய எலிகள்!

மாடியில், பொம்மைகளுக்கான சின்னஞ்சிறு உணவுப் பண்டங்கள் உள்ளன. 1904இல் வெளிவந்த கதையொன்றில், இரண்டு சுண்டெலிகள் பொம்மைவீட்டுள் நுழைந்து, சாந்தினாற் செய்த இறைச்சியை வெட்ட இயலாமற் சினந்து அடித்து நொறுக்கும். அந்தப் படங்களுக்கு மாதிரியாக நோர்மன் கடையில் வாங்கி அனுப்பிய பண்டங்களே இவை. அவரை இழந்தபின் வாங்கிய வீட்டில், அவர் அனுப்பிய விளையாட்டுச் சாமானை அம்மையார் பத்திரமாக வைத்திருந்தார். நாம் அதிக நேரம் நின்றது அவ்விடத்திலேதான்.

1913இல், 47ஆம் வயதில், வில்லியம் ஹீலிஸ் என்னும் ஊர்ச் சட்டத்தரணியை மணந்தார். தம்பதியர் குடியிருந்தது வயலுக்கப்பாலுள்ள வேறொரு வீட்டில். ஹில் ரொப்பை வாடகைக்கு விடாது, வரையவும் எழுதவும் தமக்கென்றே வைத்துக்கொண்டார். பின்னாளிற் பார்வை மங்க, எழுத்துக் குறைந்தது. ஆடு வளர்ப்பிலே மனம் சென்றது. அப்பிரதேசத்துக்குரிய ஹேர்ட்விக் ஆடுகள் கறுப்பாய்ப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும். வேலியில்லா மலையில், தாயிடம் கற்ற மேய்ச்சல் எல்லையை விட்டு அவை அகலமாட்டா.

1943 டிசம்பர் 22இல் அம்மையார் காலமானார். 14 பண்ணைகளும் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் நஷனல் டிரஸ்ட் என்னும் பொதுநல நிறுவனத்துக்குச் சென்றன. மலைப்பண்ணைகளில் ஹேர்ட்விக் மந்தைகளே இருத்தல் வேண்டும், ஹில் ரொப்பின் அறைகள் தாம் விட்டபடியே இருத்தல் வேண்டும் என்பன அவருடைய விருப்பங்கள். 1946இல் வீடு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

வீடு சிறிதாகையால் சிலர் சிலராகவே உள்ளே விடுகின்றனர். நாம் வெளியே வந்தபோது, முறைக்குக் காத்திருந்த ஒரு பையன் காய்கறித் தோட்டத்தில் ருபார்ப் செடியின் அகன்ற இலைகளை விலக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தான். ஜெமைமா என்னும் கதை வாத்து அங்கேதான் முட்டைகளை ஒளித்து வைக்கும்.