கொலுசு யாருடைய கற்பனை?

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை மாதவியின் அணிகளைக் காலிலிருந்து தொடங்கித் தலைவரை அடுக்கிச் சொல்கிறது. நூபுரம், பாடகம் என்று பெயர்கள் நமக்குக் கிடைத்துவிட்டன. அவற்றைச் செய்தவரின் பெயர் கிடைக்கவில்லை. அக்காப்பியத்தின் பொற்கொல்லனும் பெயரற்றவன்தான். அவனும் வஞ்சகனாகவே வருகிறான். அணிகலன் நிலைத்திருக்க, செய்தவர் மறைந்துபோவது நம் பழைய வழக்கம். இப்போது செய்பவரின் அருகில் கணினியும் வந்து அமர்ந்திருப்பதால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையையும் சுற்றுப்புறங்களையும் அறிந்தவர்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் புதியவை அல்ல. பல இடங்களில் வீட்டின் ஒரு பகுதியே பட்டறை. ஏறத்தாழ 962 பாகை செல்சியசில் உருகும் வெள்ளியைக் கம்பியாக இழுத்து, வளையமாக்கி, கோத்து, பற்றவைத்து, சலங்கை சேர்த்து, மெருகேற்றுகிறார்கள். கூலி பெரும்பாலும் எடைக் கணக்கில். புதிய மாதிரியை நினைத்துப் பார்த்த இரவுக்கு எடை கிடையாது.

2014இல் இயன் குட்ஃபெல்லோவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் ஒரு முறையை முன்வைத்தனர். அதில் இரண்டு வலையமைப்புகள். ஒன்று படம் செய்யும். மற்றது அது அசலா போலியா என்று சோதிக்கும். தட்டானும் உரைகல்லும் போல. 2022இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் வேறு வழியில் செல்வது. வெறும் இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தை மீட்டெடுக்கிறது. சொல்லைக் கொடுத்தால் போதும்.

நம் மாணவர்களுள் பட்டறை வீட்டுப் பிள்ளைகள் உண்டு. மாங்காயும் கொடியும் பின்னிய கொலுசு வேண்டுமென்று இயந்திரத்திடம் கேட்டு வாங்கிய படங்களுடன் ஒரு மாணவர் தம் வீட்டுக்கு அழைத்தார், போனோம். அவருடைய தந்தையார் கைப்பேசியை நெடுநேரம் பார்த்தார்.

"கொடி நல்லா ஓடியிருக்குதுங்க. ஆனா இந்த வளையம் எதுல கோத்திருக்குது? கொக்கிய எங்கீங்க வெக்கறது?"

உற்றுப் பார்த்தோம். வளையங்கள் ஒன்றனுள் ஒன்று நுழையாமல் மெழுகு போல ஒட்டிக் கிடந்தன. அப்படியே செய்தால் காலோடு வளைந்து கொடுக்காது. இயந்திரம் கொலுசின் தோற்றத்தைக் கற்றிருந்தது, கோப்பைக் கற்கவில்லை. ஆயினும் பெரியவர் படத்தை ஒதுக்கிவிடவில்லை. கொடியின் ஒரு வளைவை மட்டும் எடுத்துக் கம்பியில் முறுக்கிப் பார்த்தார். தடித்த கம்பி இணங்கவில்லை, மெல்லியதை எடுத்தார். மூன்றாம் முறை அமைந்தது. படத்தில் இருந்ததும் இதுவும் ஒன்றல்ல. படம் இல்லாவிட்டால் இது பிறந்திருக்கவும் மாட்டாது. கூட்டுப் படைப்பு என்றால் இதுதானோ என்று தோன்றியது.

அப்படியானால் அந்த வளைவு யாருடையது? நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி வழி உருவான படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரையே ஆசிரியர் என்கிறது. பட இயந்திரங்களுக்கு இதை எப்படிப் பொருத்துவது என்பது வாதத்துக்குரியது. சொல்லைத் தட்டியவரா, கம்பியை முறுக்கியவரா, யார் பொருட்களைப் படம் பிடித்து இயந்திரத்துக்குப் புகட்டினார்களோ அவர்களா?

அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும். வேலை ஓடும் பட்டறைக்கு ஐம்பது ஒரு பெரிய எண்ணா? 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிந்தால் 10 ஆண்டுகள் உரிமை உண்டு. மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் வடிவம் அதற்கு முன் வெளியாகியிருக்கக் கூடாது.

இயந்திரத்தைக் கண்டு அஞ்சுவதைவிட இதைச் செய்யலாம் என்பது நம் எண்ணம். வணிகர்கள் எடைக்கூலியோடு மாதிரிக்கும் ஒரு கூலி வைக்கட்டும். இயந்திரத்திடம் கேட்கக் கற்ற பிள்ளைகள், முதல் ஜோடி கடைக்குப் போகுமுன் பதிவு விண்ணப்பத்தை நிரப்பவும் கற்கட்டும். உரிமையாளர் என்ற இடத்தில் தந்தையின் பெயரை எழுதட்டும்.